விநாடிக் கணக்கு மட்டும் போதுமா?

ஐயா,

பிரான்சின் வெஸ்ட் டோகாமாக் (அணு இணைவு ஆய்வுக்காகக் காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை அடைத்து வைக்கும் வளைய வடிவக் கருவி) 2025 பிப்ரவரி 12 அன்று பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் பெற்ற மிகச் சூடான வாயுவை, 1,337 விநாடிகள் தக்கவைத்தது என்ற தங்கள் செய்தியைப் படித்தேன். சரி, அவ்வளவு நேரம் எப்படி நின்றது என்பதைத்தான் காணோம். டோகாமாக்கின் நடுச்சுருள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி. அதில் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருந்தால்தான், பிளாஸ்மாவை அடைத்து வைக்க உதவும் மின்னோட்டம் அந்தப் பிளாஸ்மாவில் ஓடும், சுருளின் மின்னோட்டத்தை எவ்வளவு நேரம்தான் மாற்றிக்கொண்டே போக முடியும்? நான் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன். டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு சுருளில் பேட்டரியை இணைத்ததும், மறு சுருளின் மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டர் முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டுப் பூஜ்யத்துக்கே வந்துவிடும், "கெட்டுப்போச்சா சார்?" என்பார்கள் பிள்ளைகள்.

அந்த முள்ளை விழாமல் தாங்கும் வேலையைத்தான் இங்கே ரேடியோ அலைகள் செய்கின்றன. 1978இல் இயற்பியலாளர் நேதனியல் ஃபிஷ் சொன்ன யோசனை இது: ஒரு திசையில் வேகமாக ஓடும் எலக்ட்ரான்களை அலை உந்துகிறது, அவை அதிகம் மோதிக்கொள்வதில்லை என்பதால் வாங்கிய உந்தம் சீக்கிரம் கரைவதில்லை. ஆனால் இது சும்மா வருவதல்ல, வெஸ்டில் செலுத்திய திறன் 2 மெகாவாட். அடுத்த முறை விநாடிகளோடு, அலைகளுக்கு எவ்வளவு திறன் செலவானது, பிளாஸ்மாவில் ஓடிய மின்னோட்டம் எவ்வளவு என்பதையும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.