அணு ஆராய்ச்சிக்கு எதுக்கு காசுன்னு கேட்டவருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, அணு ஆராய்ச்சிக்குக் கொட்டுற பணத்துல ஊருக்கு ஊரு ஆஸ்பத்திரி கட்டலாமேன்னு. ஆஸ்பத்திரி வேணுமுங்க, யாரு வேண்டாம்னா, ஆனா அதுக்குள்ள வெக்கிற மிஷினு எங்கிருந்து வருதுன்னு அவரு யோசிக்கலையாட்ட இருக்குது.

எங்க மச்சான் சோமனூர் பக்கம் தறி ஓட்டறவரு. இடது காது கேக்காம போயி, போன் வந்தா வலது பக்கத்துக்கு மாத்திக்குவாரு. தறிச் சத்தத்துல காது போறது எங்க பக்கம் சாதாரணமுங்க, அதனால யாரும் கண்டுக்கல. சத்தத்துல போனா ரெண்டு காதுமில்ல மந்தமாவோணும், ஒண்ணு மட்டும் எப்படிங்கன்னு கேட்ட காது டாக்டருதான் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னாரு. காது நரம்புல கட்டி. கேன்சர் இல்ல, ஆனா வளந்துட்டே போனா மூளைத்தண்ட அழுத்தும்னாங்க.

கடைசில காமா நைஃப், அதாவது கத்தி வெக்காம காமா கதிர கட்டிமேல குவிச்சுப் பண்ற வைத்தியம், பண்ணலாம்னு முடிவாச்சு. மண்டைய தொறக்கவே இல்லீங்க. மரத்துப்போற ஊசி போட்டு நாலு ஸ்க்ரூ வெச்சு தலைல ஒரு ஃப்ரேம முடுக்கி, ஸ்கேன் எடுத்து கட்டி எந்த எடம்னு கணக்கு போட்டு மிஷினுக்குள்ள படுக்க வெச்சாங்க, மனுசன் முழிச்சுட்டேதான் இருந்தாரு, மறுநாளு ஊருக்கு வந்துட்டாரு. போன காது திரும்பாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, கட்டி வளராம நின்னா போதும்னு நாங்களும் இருக்கறோம்.

இது வந்த கதையக் கேளுங்க. சுவீடன்ல லார்ஸ் லெக்செல்னு ஒரு மூளை சர்ஜன், வெட்டாம கதிர வெச்சே ஆபரேசன் பண்ணலாம்னு 1951லயே எழுதுனவரு. மொதல்ல எக்ஸ்ரே வெச்சுப் பாத்தாரு, அப்புறம் உப்சாலாவுல லார்சன்ங்கற விஞ்ஞானியோட சேந்து, அணுக்கருவ ஆராயற சைக்ளோட்ரான்ங்கற மிஷின்ல வேகமா வர்ற புரோட்டான் துகள வெச்சுப் பாத்தாரு. அத்தாம் பெரிய மிஷின ஆஸ்பத்திரிக்குள்ள வெக்க முடியுமா, அதனால காமா கதிர் வீசற கோபால்ட்-60க்கு வந்து 1968ல மொத மிஷின்ல வைத்தியம் ஆரம்பிச்சாங்க, அதுல 179 கோபால்ட் துண்டு. ஒவ்வொரு கதிரும் தனியா மூளைக்குள்ள போறப்ப பெருசா ஒண்ணும் பண்ணாது, எல்லாம் ஒண்ணா சேர்ற எடத்துலதான் வேலையக் காட்டும்.

அந்த கோபால்ட்-60 ஒண்ணும் மண்ணத் தோண்டி எடுக்கறதில்லீங்க. சாதா கோபால்ட்ட அணு உலைக்குள்ள வெச்சு நியூட்ரான்ங்கற அணுத்துகள அடிச்சு பண்றது, நம்ம ராஜஸ்தான் ராவத்பாட்டாலயும் பண்றாங்க. அஞ்சேகால் வருசத்துல வீரியம் பாதியாப் போயிரும், அப்புறம் புதுசு மாத்தியே ஆவோணும். உலைய மூடிப்போட்டு ஆஸ்பத்திரி மட்டும் கட்டுனா அந்த மிஷின்ல எதப் போடறது?

எடுத்ததெல்லாம் உடனே பலிச்சிருச்சுன்னும் சொல்லலீங்க. நியூட்ரான 1932ல சாட்விக்ங்கற விஞ்ஞானி கண்டுபுடிச்சாரு, போரான்ங்கற தனிமத்த உடம்புல ஏத்தி அதுமேல நியூட்ரான் விட்டு கட்டிய அழிக்கலாம்னு 1936லயே ஒருத்தர் சொல்லிட்டாரு. 1951ல அமெரிக்கால மூளைக்கட்டிக்கு பண்ணிப் பாத்தாங்க, அந்த நோயாளிக ரொம்ப நாள் இருக்கல, பத்து வருசத்துல நிறுத்திட்டாங்க. ஜப்பான்காரங்க விடாம புடிச்சு 2020ல தலை கழுத்து கேன்சருக்கு அனுமதி வாங்கிட்டாங்க. அஞ்சு வருச பட்ஜெட்ட பாத்துட்டு இதுல என்ன லாபம்னு கேட்டா என்னத்தச் சொல்றது!

இன்னொண்ணுங்க. மச்சான் வீட்டுக்கு வந்தன்னிக்கு எங்க பெரியம்மா, அணுக் கதிரு பட்ட உடம்பு, பேத்திய பக்கத்துல விடாதீங்கன்னு ஒரே பிடிவாதம். கோபால்ட்டு மிஷினுக்குள்ளயேதான் இருக்கும், கதிரு வந்து போயிரும், உடம்புல ஒண்ணும் தங்காதுன்னு சொன்னா நம்பவே இல்ல, பாவம் அந்தப் புள்ள வாசல்லயே நின்னுச்சு. ஆஸ்பத்திரில குடுத்த சீட்டும் முழுக்க இங்கிலீசு, காட்டறதுக்கு ஒரு வரி தமிழ்ல இல்ல. அணு உலைக்கு எதிரா வர்ற கடுதாசியப் போடுங்க, வேண்டாங்கல, கூடவே கோயமுத்தூர்ல ஒரு மூளை டாக்டரையும் ஒரு பிசிக்ஸ் வாத்தியாரையும் உக்கார வெச்சு ஞாயித்துக்கெழம பக்கத்துல ஒரு கேள்வி பதில் போட்டீங்கன்னா அதக் கொண்டுபோயி பெரியம்மாகிட்ட குடுத்துருவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், சோமனூர்