நூறு கன்றுக்கு அனுப்பிய பணம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். பேத்தி பிறந்தநாளுக்கு நூறு கன்று நடச் சொல்லி நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது, மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அதில் கன்று வாங்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, காரணத்தைச் சொல்கிறேன்.

பிச்சாவரத்தில் கடலோரச் சேற்றில் வளரும் நம் அலையாத்திக் காட்டை ஒரு காலத்தில் கூப்புக் கூப்பாக, அதாவது துண்டு துண்டாகப் பிரித்து, மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து, தரை அமுங்கி, தாம்பாளம் மாதிரி குழிந்துவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், உள்ளே வந்த தண்ணீர் இறங்க வழியில்லை. வெயிலில் சுண்டிச் சுண்டி உப்பு ஏறிப்போனது. அந்த மண்ணில் எத்தனை கன்று வைத்தாலும் கருகத்தான் செய்யும்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டியபோது நானும் மண்வெட்டியோடு போனேன். நடுவே பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், அப்படியே மீன்முள். தண்ணீர் ஏறி இறங்க ஆரம்பித்தது, உப்பையும் கழுவிக்கொண்டு போனது. அப்புறம்தான் வாய்க்கால் கரையோரம் வெண்கண்டல், சுரபுன்னை என்கிற அலையாத்தி மரங்களை வைத்தோம். சுரபுன்னை விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்குமே, நினைவிருக்கிறதா? அதைச் சேற்றில் செங்குத்தாகச் செருகுவாய், சாய்ந்தால் அழுவாய். இன்று அந்த இடத்தில் நின்றால் வானம் தெரியவில்லை.

2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. கடலிலிருந்து தள்ளி இருந்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் அலையின் வேகத்தை உடைத்தது அந்த மரங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெட்டிய வாய்க்கால் அப்படியே இருந்துவிடாது அம்மா. ஒவ்வொரு ஓதமும் வண்டலைக் கொண்டுவந்து போடும். விட்டுவிட்டால் வாய்க்காலின் வாய் மேடாகி, தண்ணீர் மறுபடியும் தேங்கும். கன்று நடக் கூட்டம் வருகிறது, போட்டோ எடுக்கிறார்கள், சந்தோஷம். தூர்வார வருகிறவர்கள்தான் குறைவு. அதனால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு உன் பணத்தைத் தூர்வாரும் கூலிக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு கிளை வாய்க்கால் முடிந்தது. நேற்று காலை ஓதம் ஏறும்போது போய்ப் பார்த்தேன். தண்ணீர் கடைசி முனைவரை நுரைத்துக்கொண்டு போனது, கூடவே கண்ணாடி மாதிரி இறால் குஞ்சுகள்.

சித்திரையில் வரும்போது பேத்திக்குச் சேறு பட்டாலும் பரவாயில்லை என்கிற பாவாடை ஒன்று எடுத்து வை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா