பலேர்மோ அடுப்படிகளுக்கு நன்றி

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ நகரின் பல்லாரோ சந்தை மீன்கார அண்ணனுக்கும், அதே தெருவின் பொரியல் கடை ஐயாவுக்கும், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மேசையில் இடம் ஒதுக்கித் தந்த வீட்டு அம்மாவுக்கும், இவர்கள் பேசியதையெல்லாம் தமிழில் சொல்லித் தந்த யாழ்ப்பாணத்து அக்காவுக்கும் வணக்கம்.

சிசிலிச் சமையலின் அளவுகள் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். ஒன்றை ஏன் அப்படிச் செய்கிறார்கள், செய்யாவிட்டால் என்ன கெடும் என்பதை உங்களைப் போல நின்று சொல்ல ஆள் கிடைப்பதுதான் அரிது. நீங்கள் சொன்னதை ஊரறிய எழுதிவைப்பதுதான் உங்களுக்கு முறையான நன்றி என்று எங்களுக்குப் பட்டது. இதைப் பார்த்துச் சமைப்பவர்கள் அவரவர் பங்கு நன்றியையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

முதல் நன்றி மீன்கார அண்ணனுக்கு. 'பாஸ்தா கொன் லே சார்தே' என்கிற சாளைப் பாஸ்தாவில் பாதி வேலை மீன் வாங்கும்போதே முடிந்துவிடுகிறது. கண் பளபளத்தால் மட்டும் போதாது, வயிற்றைப் பாருங்கள் என்றீர்கள். சாளை கொழுப்பு மிகுந்த மீன், குடல் சீக்கிரம் கரையும். வயிறு வெடித்துக் கிடந்தால் அது பழைய மீன்தான், எவ்வளவு ஐஸ் போட்டிருந்தாலும். ஞாயிறன்று பெரும்பாலான படகுகள் கடலுக்குப் போவதில்லை, அதனால் திங்கட்கிழமை சாளை வாங்காதீர்கள் என்றும் நீங்களே சொன்னீர்கள். தன் வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை என்று இப்படிச் சொல்கிற கடைக்காரரை எங்கே தேடுவது!

சாளையைக் கழுவக் கத்தி தேவையில்லை. தலையைப் பிடித்து வயிற்றுப் பக்கமாக இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். பெருவிரலை நடுமுள்ளின் ஓரமாக வாலை நோக்கி ஓட்டினால் மீன் புத்தகம்போல் விரிந்துகொள்ளும். வால் பக்கத்தில் முள்ளைக் கிள்ளி அப்படியே உரித்தெடுக்கலாம். தண்ணீரில் ஒரு முறை அலசி உடனே துடைத்துவிட வேண்டும். தண்ணீரில் ஊறிய சாளை சட்டியில் வதங்காது, அவிந்துபோகும்.

நாலு பேருக்கு அரைக் கிலோ சாளை, 350 கிராம் புக்காத்தினி என்கிற குழல் பாஸ்தா, 300 கிராம் காட்டுச் சோம்புக் கீரை, ஒரு பெரிய வெங்காயம், உப்பில் பதப்படுத்திய நெத்திலி நாலு துண்டு, சின்னக் கருந்திராட்சையும் பைன் கொட்டையும் 30 கிராம் வீதம், வெந்நீரில் கரைத்த குங்குமப்பூ ஒரு சிட்டிகை. கீரையை உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் வேகவைத்து எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே பாஸ்தாவை வேகவைக்க வேண்டும். புக்காத்தினியின் நடுவில் ஓட்டை இருப்பதால் கீரையின் மணம் உள்ளேயும் ஏறும். வெங்காயம் நிறம் மாறாமல் ஒலிவ எண்ணெயில் மெதுவாகக் குழைந்தபின் நெத்திலியைப் போட்டுக் கரையவிட்டு, திராட்சை, கொட்டை, நறுக்கிய கீரை, குங்குமப்பூத் தண்ணீர் எல்லாம் சேர்த்து, பாதிச் சாளையை அப்போதே போட்டுவிட வேண்டும். அது உடைந்து கலவையோடு கலந்து கெட்டிப்படும். மீதிப் பாதியைக் கடைசி ஐந்து நிமிடத்தில் மேலாக அடுக்கினால் துண்டு துண்டாக நிற்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் வாய்க்கு அகப்பட மீனே இருக்காது. கடைசியில் உப்புப் பார்க்கும்போது நெத்திலியின் உப்பையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கீரை சிசிலிக்கு வெளியே கிடைப்பது கடினம். கிழங்குச் சோம்பின் பச்சைத் தோகையோடு, வேகவைக்கும் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி நசுக்கிய சோம்பும் போட்டுக்கொள்ளலாம் என்றீர்கள். தோகையும் கிடைக்காதவர்களுக்குச் சதகுப்பைக் கீரை ஆகும். வெந்தயக்கீரை வேண்டவே வேண்டாம். கசப்பு மீனையே தின்றுவிடும்.

மேலே தூவச் சீஸ் கிடையாது, வறுத்த ரொட்டித் தூள்தான். 80 கிராம் தூளை ஒரு கரண்டி எண்ணெயில் சிறுதீயில் கிளறிக்கொண்டே இருந்து, காப்பிப்பொடி நிறத்துக்குச் சற்று முன்பே இறக்கித் தட்டில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அதன் சூட்டிலேயே கருகிவிடும். கலந்த பாஸ்தாவைப் பத்து நிமிடம் மூடிவைத்துவிட்டுப் பரிமாறினால் நல்லது, கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடும் பண்டமில்லை இது. 831 முதல் 1072 வரை அரபியர் ஆண்ட ஊர் பலேர்மோ. மீனோடு திராட்சையும் குங்குமப்பூவும் சேர்வதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லலாம். இரண்டாவது வாய்க்குப் பிறகு சொல்ல வேண்டியிருக்காது.

பொரியல் கடை ஐயா, பனெல்லெ என்கிற உங்கள் கொண்டைக்கடலை மாவு அடைக்கு மூன்றே பொருள்தான்: மாவு அரைக் கிலோ, தண்ணீர் ஒன்றரை லிட்டர், உப்பு. கடைசியில் கொஞ்சம் பார்ஸ்லி. தண்ணீர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். வெந்நீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு எந்தக் கரண்டியாலும் சரிசெய்ய முடியாது. கரைத்து ஒரு முறை வடிகட்டி, மிதமான தீயில் இருபது முப்பது நிமிடம் விடாமல் கிண்ட வேண்டும். எப்போது இறக்குவது என்று கேட்டதற்கு நீங்கள் சொன்னதை அக்கா ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "மா சட்டியை விட்டு வரோணும், அதுவரை கையை எடுக்காதேங்கோ." அவசரப்பட்டு இறக்கியது எண்ணெயில் உடையும், பச்சை மாவு வாடையும் போகாது. இறக்கியவுடன் தட்டுகளின் பின்புறத்தில் 3, 4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துவிட வேண்டும். இரண்டு நிமிடம் தாமதித்தாலே மாவு இறுகி மேடும் பள்ளமுமாகிவிடும். நன்றாக ஆறியபின் தானாக உரிந்து வரும். வெட்டி, காய்ந்த எண்ணெயில் ஓரம் பொன்னிறமாகும்வரை பொரித்து, எலுமிச்சை பிழிந்து, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துத் தந்தீர்கள். நம் கடைகளில் விற்கும் கடலை மாவு கடலைப்பருப்பில் அரைத்தது. உங்களுடையது பெரிய வெள்ளைக் கொண்டைக்கடலை. நம் மாவிலும் வரும், மணம்தான் பஜ்ஜிப் பக்கம் சாயும்.

கபொனாத்தா என்கிற புளிப்பும் இனிப்புமான கத்தரிக்காய்ப் பண்டத்துக்காகவும் வீட்டு அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. கத்தரித் துண்டுகளை உப்பிட்டு ஒரு மணி நேரம் வைத்துத் துடைத்துப் பொரித்தால் எண்ணெய் குடிப்பது குறையும். கசப்புக்காக இப்போதைய கத்தரிக்காயில் உப்பிடத் தேவையில்லை. இன்னொன்று, ஒரு கிலோ கத்தரிக்காய்க்கு 60 மில்லி வினிகர் என்றால் அதில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையை முன்பே கரைத்து ஊற்றி, மூக்கில் ஏறும் நெடி அடங்கும்வரை தீயில் வைக்க வேண்டும். செய்த அன்றே சாப்பிட்டால் புளிப்பு தனியாகவும் இனிப்பு தனியாகவும் தெரியும். மறுநாள்தான் அது கபொனாத்தா.

அம்மா, அனெல்லெத்தி அல் ஃபோர்னோ என்கிற, அவன் அடுப்பில் சுடும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாஸ்தாவை ஆறு பேருக்குத் தாராளமாக வரும் அளவில் எழுதிவைக்கிறோம். மோதிரம் போன்ற அனெல்லெத்திப் பாஸ்தா அரைக் கிலோ, மாடும் பன்றியும் பாதிப் பாதியாகக் கொத்துக்கறி 400 கிராம், பட்டாணி 150 கிராம், வடிகட்டிய தக்காளிச் சாறு 700 மில்லி, வெயிலில் காயவைத்த தக்காளி விழுதான ஸ்த்ராத்து ஒரு மேசைக்கரண்டி, துருவிய காச்சோகவால்லோ சீஸ் 200 கிராம், பொரித்த கத்தரிக்காய் இரண்டு. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் பாதி ஆனதும் பாஸ்தாவை வடித்துவிட வேண்டும். மீதி வேக்காடு அடுப்புக்குள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கறிக்குழம்பைச் சோற்றுக்கு ஊற்றும் பதத்தில் கெட்டியாக வைத்துவிடுகிறார்கள். அரைவேக்காட்டுப் பாஸ்தா உள்ளே நீரை உறிஞ்சும். குழம்பு தளதளவென்று, கொஞ்சம் அதிகமாகவே இளக்கமாக இல்லாவிட்டால் நடுப்பகுதி வறண்டு தொண்டையை அடைக்கும்.

தட்டில் எண்ணெய் தடவி ரொட்டித் தூளை எல்லாப் பக்கமும் படியவிட்டு, மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். மூலையில் ஒரு விரலளவு இடம் விட்டுப்போனாலும் அங்கேதான் ஒட்டும். பாதிப் பாஸ்தா, அதன்மேல் கத்தரிக்காய், சீஸ், மறுபடி பாஸ்தா, மேலே ரொட்டித் தூளும் சீஸும். 190 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். ஓரங்கள் கருஞ்சிவப்பாக வேண்டும், அந்த மொறுமொறுப்புக்குத்தானே குழந்தைகள் மூலைத் துண்டுக்குச் சண்டை போடுகிறார்கள். வெளியே எடுத்ததும் அரை மணி நேரம் யாரையும் கத்தியோடு பக்கத்தில் விடாமல் காவல் நின்றீர்கள். சூடாக வெட்டினால் சீஸ் ஓடித் துண்டு சரிந்துவிடும்; ஆறினால் கேக்குபோல் நிற்கும். ஆகஸ்ட் 15 விடுமுறைக்கு மொந்தெல்லோ கடற்கரைக்குத் தட்டோடு தூக்கிப்போக முடிவதும் அதனால்தான்.

அக்காவுக்குத் தனியாக எழுத வேண்டும். 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் வந்து வேரூன்றிய ஊர் பலேர்மோ. பலர் அங்குள்ள வீடுகளில் வேலைபார்த்து அந்தச் சமையலை உள்ளிருந்து கற்றவர்கள். பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியா என்கிற புனிதரின் கோயிலுக்குக் கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் ஏறிப்போவதை ஊரே அறியும். அடுப்படியில் அவர்கள் செய்திருக்கும் வேலையைத்தான் யாரும் எழுதுவதில்லை. அக்கா, சிசிலிக்காரர் 'கொஞ்சம்' என்று கையை ஆட்டிவிட்டுப் போனதையெல்லாம் நீங்கள்தான் கிராமாக்கித் தந்தீர்கள். அவர்கள் அளக்காமல் போட்ட உப்பைக்கூடக் கையில் வாங்கித் தராசில் வைத்தீர்கள். இந்த மடலில் உள்ள எண்களில் பெரும்பாலானவை உங்களுடையவை.

நீங்கள் கொடுத்த ஸ்த்ராத்துச் சீசா குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. ஈரக் கரண்டி போடக்கூடாது, ஒவ்வொரு முறை எடுத்தபிறகும் மேல்பரப்பைச் சமன்செய்து ஒலிவ எண்ணெய் ஊற்றி மூட வேண்டும் என்ற உங்கள் உத்தரவு இதுவரை மீறப்படவில்லை. சீசா பாதியாகிவிட்டது. அடுத்த கோடையில் பலகையில் விழுது காயப்போடும்போது எங்களுக்கும் ஒரு பங்கு சேர்த்துப் போடுங்கள். இந்த முறை விலை வாங்கிக்கொள்ள வேண்டும்.

மிகுந்த நன்றியுடன்,
உங்களிடம் சமைக்கக் கற்றவர்கள்