படைப்புழு வளர்க்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தீபாவளிக்கு வர முடியாது என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்கு முகமே சரியில்லை. "புழுவுக்கு ஏதும்மா தீபாவளி, ஒரு நாள் தீனி மாத்தலன்னா பூஞ்சணம் பூத்துடும்" என்று நீ சொன்னதை எடுத்துச் சொன்னேன். "மாட்டுக்குத் தீவனம் வைக்கவே ஆள் கிடைக்குது, புழுவுக்குக் கிடைக்காதாக்கும்" என்கிறாள். அவளை நீதான் சமாதானப்படுத்த வேண்டும். போனில் எனக்குப் பேச வராது, பாதியில் சிக்னலும் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மாமா வந்திருந்தார். கோயம்புத்தூர் லேபில் ஆராய்ச்சிக்காகப் படைப்புழு வளர்க்கும் உன் வேலை ஒரு வருஷத்துக்குத்தான், அதுவும் தொகுப்பூதியம் என்றதும், "எம்.எஸ்சி. படிக்க வச்சு அந்தப் புழுவையே வளர்க்க அனுப்பிட்டீங்களே, நம்ம காட்டுல இல்லாததா?" என்று சிரித்தார். அவர் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. 2018இல் நீ பிளஸ் ஒன். அந்த வருஷம் மே மாதம்தான் கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் இந்தியாவிலேயே முதலில் இந்தப் புழுவைக் கண்டுபிடித்தார்கள் என்று பின்னால் நீ படித்துச் சொன்னாய். நாம் மக்காச்சோளம் விதைத்தது புரட்டாசியில். அதற்குள் பெரம்பலூர் வரை வந்து சேர்ந்துவிட்டது. இந்தப் புழு வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சி ஒரே ராத்திரியில் நூறு கிலோமீட்டர்கூடப் பறக்குமாமே, வராமல் என்ன செய்யும்! நாமக்கல் கோழிகளுக்குப் போக வேண்டிய சோளம் அந்த வருஷம் புழுவுக்குத்தான் போனது. கடையில் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்தோம். என்ன பூச்சி என்றே தெரியாமல் அடித்த மருந்து என்ன கேட்கும்?

மாமாவிடம் இதைத்தான் சொன்னேன்: அன்றைக்கு இதைப் பார்த்துப் பேர் சொல்ல இந்த ஊரில் ஒருத்தருமில்லை, இப்போது என் வீட்டில் ஒரு ஆள் இருக்கிறது. வேறொன்றும் பேசவில்லை. நீயும் இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்காதே. குரூப் 4 அறிவிப்பு வந்தால் விண்ணப்பம் போடு, ராத்திரியில் உட்கார்ந்து படி. அதற்காக வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வராதே. சம்பளம் மூன்று மாதம் சேர்த்துத்தான் போடுவார்கள் என்றால் கூச்சப்படாமல் என்னிடம் கேள். வருஷம் முடிவதற்குள் அனுபவச் சான்றிதழ் முறையாக வாங்கிவிடு. ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடும்போது உன் பெயரும் இருக்கும் என்று உங்கள் லேப் மேடம் சொன்னதை நடுவில் ஒரு தடவை ஞாபகப்படுத்து.

தும்மல் எப்படி இருக்கிறது? உனக்குச் சின்ன வயசிலிருந்தே தூசி ஆகாது. அந்துப்பூச்சிக் கூண்டைத் திறக்கும்போது இறக்கைச் செதில் பறக்கும், அது மூச்சுக்குள் போனால் நாள்பட நெஞ்சைப் பிடிக்கும். மாஸ்க் இல்லாமல் கூண்டைத் தொடாதே. தீனி காய்ச்சும்போது ஃபார்மலின் ஊற்றுவதாகச் சொன்னாய், அப்போது ஜன்னலைத் திறந்து வை. அந்தத் தீனிக் கதையை அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். கொண்டைக்கடலை மாவு, ஈஸ்ட், வைட்டமின், கெட்டிப்படுத்த அகர் என்ற கடல்பாசித் தூள், பூச்சியானதும் பஞ்சில் தேன் தண்ணீர். "நம்ம புள்ளைக்கே நான் இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்யல" என்று ஒரே சிரிப்பு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் சோளம் முழங்கால் உயரம் வந்திருக்கிறது. விதையிலேயே மருந்து கலந்து வருவதால் முதல் இரண்டு மூன்று வாரம் கவலையில்லை. அதற்கப்புறம் இலையில் பச்சையைச் சுரண்டி வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழ ஆரம்பித்தது. நேற்று விடியற்காலையில் ஒரு குருத்தைப் பிரித்துப் பார்த்தேன். மேலே மரத்தூள் மாதிரி எச்சம் அடைத்துக்கொண்டிருக்க, அடியில் பெரிய புழு. தலையில் கவிழ்த்துப் போட்ட ஒய் எழுத்து, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி, நீ படம் வரைந்து காட்டியது அப்படியே. அந்தச் செடிக்கு ஒரு வாரம் முன்னால்தான் எமாமெக்டின் பூச்சிமருந்து அடித்திருந்தோம், பத்து லிட்டர் டேங்குக்கு 4 கிராம், சரியான அளவுதான். முன்னெல்லாம் இதே அளவுக்கு மறுநாளே சுருண்டு கிடக்கும். பக்கத்துக் காட்டுக்காரர் அளவை இரட்டிப்பாக்கிவிட்டார். என்னையும் அப்படியே செய்யச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

மருந்துக்குப் புழு பழகிவிட்டதா, இல்லை எச்ச அடைப்பைத் தாண்டி மருந்து உள்ளே இறங்கவே இல்லையா? காட்டில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. நீ செய்கிறாயே, இலையை மருந்தில் முக்கி உலர்த்தி, புழுவை விட்டு, இத்தனை மணி நேரத்தில் எத்தனை செத்தது என்று எண்ணுவது, அதில்தான் இது தெரியும் என்று எனக்குப் படுகிறது. ஆனால் உங்கள் லேப் புழு தலைமுறை தலைமுறையாகக் கடலை மாவு தின்று வளர்ந்தது, மருந்து வாசனையே அறியாதது. அதைக் கொல்வதை வைத்து நம் காட்டுப் புழுவுக்குக் கணக்குப் போட முடியுமா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும். இதை மேடத்திடம் கேள். அவர்கள் திட்டத்தில் ஏற்கெனவே இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நம் காட்டிலிருந்து புழு எடுத்துக்கொள்ளச் சொல்.

போன கார்த்திகையில் அடைமழைக்குப் பிறகு ஒன்று பார்த்தேன், அப்போதே உன்னிடம் சொல்ல நினைத்து விட்டுப்போனது. மருந்தே அடிக்காத ஓரத்துச் செடியில் ஒரு புழு விறைத்துப்போய் இலையோடு ஒட்டிக்கிடந்தது. முதலில் மேலெல்லாம் வெள்ளையாக மாவு பூத்தது, இரண்டொரு நாளில் வெளிர்ப் பச்சையாக மாறியது. ஏதோ பூஞ்சணம் பிடித்துச் செத்திருக்கிறது. இந்த மழையிலும் கண்ணில் பட்டால் எடுத்து வைக்கட்டுமா? காகிதத்தில் மடித்தால் போதுமா?

உன் தம்பி வியாழக்கிழமை திருப்பூர் போகிறான், கோயம்புத்தூருக்கும் வந்துவிட்டுப் போகச் சொல்கிறேன். எந்த வளர்ச்சிப் பருவத்துப் புழு வேண்டும், எத்தனை வேண்டும் என்று புதன்கிழமைக்குள் சொல்லிவிடு, விடியற்காலையில் பிடித்தால்தான் கைக்கு வரும். ஒரு டப்பாவில் இரண்டைப் போட்டால் ஒன்றை ஒன்று தின்று, உன்னிடம் வந்து சேர்வது ஒன்றுதான், அது எனக்கே தெரியும். மூடி போட்ட சின்ன டப்பாக்களாக வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சோள இலை வைத்து அனுப்புகிறேன். மருந்து அடித்த பாத்தி, அடிக்காத பாத்தி, தனித்தனியாக மேலே எழுதியிருக்கும். மூடியில் ஊசியால் துளை போட வேண்டுமா என்பதையும் சொல்.

அம்மா முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்புகிறாள். அது வேறு பை, இது வேறு பை என்று தம்பியிடம் இரண்டு தடவை சொல்லியாயிற்று.

அன்புடன்,
அப்பா