இருபத்தாறில் நிற்கும் எண்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் எண் அதிசயங்கள் வருவதை விரும்பிப் படிக்கிறேன். ஒரு குறை உண்டு. அதிசயத்தைச் சொல்கிறீர்கள், அது ஏன் அப்படி என்பதைச் சொல்வதில்லை. காரணத்தையும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

இந்த எண்ணைப் பாருங்கள்: 3608528850368400786036725. மொத்தம் 25 இலக்கங்கள். முதல் இரண்டு இலக்கங்களான 36, 2-ஆல் மீதியின்றி வகுபடும். முதல் மூன்றான 360, 3-ஆல் வகுபடும். 3608 நான்கால், 36085 ஐந்தால் என்று இப்படியே 25 வரை போகும். ஒன்பதாம் படியில் இலக்கங்களைக் கூட்டினால் 45, சரியாக வருகிறது. பதினோராம் படியில் ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டினால் இரு பக்கமும் 24. பள்ளியில் படித்த வகுபடும் விதிகளே இதுவரை போதும். அதற்கு மேல் செல்போன் கால்குலேட்டரை நம்ப வேண்டாம், பலவற்றில் இத்தனை இலக்கம் அடங்காது. தாளில் நீள் வகுத்தல் போட்டுப் பார்ப்பதுதான் நல்லது.

இந்தக் குணமுள்ள எண்களில் இதுதான் மிகப் பெரியது. 25 இலக்கத்தில் இது ஒன்றே ஒன்று. 26 இலக்கத்தில் எதுவுமே இல்லை. ஏன்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 26 என்பது 2 பெருக்கல் 13. இந்த எண்ணின் கடைசியில் எந்த இலக்கத்தைச் சேர்த்தால் 13-ஆல் வகுபடும் என்று பார்த்தால், 1 மட்டுமே பொருந்துகிறது. 1-இல் முடியும் எண் ஒற்றைப்படை, 2-ஆல் வகுபடாது. அவ்வளவுதான், வழி அடைபட்டுவிட்டது. இதை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரிய வைக்கலாம்.

பத்தாம் இலக்கம் வரை சேர்க்க ஏதாவது ஓர் இலக்கம் நிச்சயம் கிடைக்கும். அப்புறம்தான் சிக்கல். கையில் இருப்பவை பத்தே இலக்கங்கள், வகுக்கும் எண்ணோ வளர்ந்துகொண்டே போகிறது. அதனால் ஒன்பது இலக்கத்திலும் பத்து இலக்கத்திலும் 2,492 ஆக இருக்கும் இத்தகைய எண்கள், 24 இலக்கத்தில் மூன்றாகச் சுருங்கிவிடுகின்றன. அந்த மூன்றில் இரண்டு அங்கேயே நின்றுவிடும்.

அடுத்த இதழில் மாணவர்களுக்கு இப்படி ஒரு புதிர் கொடுக்கலாம்: 1 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கத்தையும் ஒரே முறை பயன்படுத்தி, இதே விதிப்படி ஓர் ஒன்பது இலக்க எண் அமைக்க வேண்டும். விடை 381654729; வேறு விடை கிடையாது. ஐந்தாம் இடத்தில் 5-தான் வர முடியும், இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் இடங்களில் இரட்டைப்படை இலக்கங்கள்தான் வர முடியும் என்ற குறிப்பு போதும். விடையோடு அந்தக் காரணங்களையும் அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், கும்பகோணம்