முகாம் முடிந்த மறுநாள்: மும்பைத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மும்பையில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், மன்றங்கள், ஊர்ச் சங்கங்கள், கோவில் கமிட்டிகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்ட் என்று நம் மக்கள் இருக்கும் இடமெல்லாம் நீங்கள் நடத்தும் இலவச மருத்துவ முகாம்களைப் பற்றி எழுதுகிறேன். பிரஷர் பார்க்கிறீர்கள், சுகர் பார்க்கிறீர்கள், கண் பரிசோதித்துக் கண்ணாடியும் கொடுக்கிறீர்கள். கைப்பணத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் போட்டு இதைச் செய்கிறவர்கள் பலரை எனக்கு நேரில் தெரியும். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஒரு சீட்டில் 'சுகர் 280' என்று எழுதிக் கொடுத்து, "பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்கம்மா" என்று அனுப்பி வைக்கிறீர்களே, அதற்கு மறுநாளிலிருந்து அந்த அம்மாவுக்கு என்ன நடக்கிறது என்பதை நான் பார்க்கிறேன். தாராவியில் பல வருடங்களாக மருந்துக் கடை நடத்துகிறேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அடுத்து வந்து நிற்பது எங்கள் கவுண்டரில்தான்.

சீட்டை நீட்டியதும் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "டாக்டர் என்ன சொல்லியிருக்காரு, கொஞ்சம் பாருங்க தம்பி." இப்போதுதான் அவர் எதிரில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருப்பார்கள்.

டாக்டர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாநகராட்சி ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவான ஓ.பி.டி.யில் ஒரு இளம் ரெசிடென்ட் டாக்டருக்கு முன்னால் காலையிலிருந்து எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது அங்கே கேஸ் பேப்பர் என்ற நோயாளிச் சீட்டு எடுக்க வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடமும் இந்தியிலோ மராத்தியிலோ ஓடிவிடுகிறது. நம் பெரியவர்களுக்குச் சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு இந்தி உண்டு, உடம்புக்குள் நடப்பதைச் சொல்லும் அளவுக்கு இல்லை. அதோடு டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். எல்லாம் சேர்ந்து, தன் உடம்பைப் பற்றிய பேச்சில் தானே வாய் திறக்காமல் எழுந்து வந்துவிடுகிறார்கள்.

என் கோரிக்கை இதுதான். முகாமுக்குச் செலவழிக்கும் பணத்திலும் நேரத்திலும் ஒரு பகுதியை, நோயாளி தன் வைத்தியத்தில் தானே பங்கெடுக்கக் கற்றுக்கொடுப்பதற்கு ஒதுக்குங்கள். கேள்வி கேட்க, சீட்டும் ரிப்போர்ட்டும் உள்ள பைலைக் காப்பாற்ற, எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்துகொள்ள. பிரஷர் பார்க்கும் கருவி இன்றைக்கு எல்லா இடத்திலும் இருக்கிறது. இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கத்தான் யாரும் இல்லை.

நம் மக்களுக்கு இரண்டு ஊர் என்பதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் பள்ளி லீவு விட்டால் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் ரயில் ஏறுகிறோம். கோவில் கொடை, கல்யாணம், துக்கம் என்று இடையிலும் போகிறோம். போன இடத்தில் "நம்ம ஊர் டாக்டர், தமிழ்ல பேசலாம்" என்று அவரிடமும் காட்டுகிறோம். இங்குள்ள கேஸ் பேப்பரும் ரிப்போர்ட்டும் தாராவியில் பீரோவுக்கு மேலே கிடக்கும். அங்குள்ள டாக்டர் முன்கதை தெரியாமல் புதிதாக எழுதுவார். திரும்பி வந்ததும் இரண்டு பைகளிலும் உள்ள மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். பிராண்ட் வேறு, அட்டையின் நிறம் வேறு, உள்ளே இருப்பது ஒரே மருந்து. குரோசின், கால்பால், டோலோ மூன்றுமே பாரசிட்டமால்தான் என்பதே பலருக்குத் தெரியாது. சில வகைச் சுகர் மாத்திரைகளை இப்படி இரட்டிப்பாகச் சாப்பிட்டால் சுகர் சட்டென்று இறங்கி, வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயக்கம் வரை போகும்.

இதைத் தடுக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. எல்லா மாத்திரை அட்டைகளையும், ஊரில் வாங்கியது உட்பட, ஒரே பையில் போட்டு டாக்டர் முன்னால் வைத்தால் போதும். சாப்பிடும் மருந்துகளின் பொதுப் பெயர், அளவு, வேளை, ஒத்துக்கொள்ளாத மருந்து, செய்துகொண்ட ஆபரேஷன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. டாக்டர்கள் மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக, முடிந்தால் கேபிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இல் விதியே வந்திருக்கிறது. சீட்டு புரியாவிட்டால் அங்கேயே கேட்பதில் தவறே இல்லை. ரேஷன் கார்டை எப்படிப் பத்திரப்படுத்துகிறோமோ அப்படி இந்தப் பைலையும் பத்திரப்படுத்தி, ஊருக்குப் போகும்போது முதலில் பெட்டியில் வைக்கப் பழக்க வேண்டும்.

டி.பி. நோயாளிகள் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. சாதாரண டி.பி.க்கு ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. சில வாரங்களிலேயே இருமல் குறைந்து, பசி எடுக்கத் தொடங்கிவிடும். குணமாகிவிட்டது என்று நினைத்து ஊருக்குப் போய் மருந்தை விட்டால், மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். அப்புறம் வைத்தியம் கடினம், பக்க விளைவுகளும் அதிகம். டி.பி. நோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் பதிவு எண் நாடு முழுவதற்கும் பொது என்பதும், எந்த மாவட்டத்துக்குப் போனாலும் பதிவை அங்கே மாற்றி மருந்தைத் தொடரலாம் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? சத்துணவுக்காக அரசு வங்கிக் கணக்கில் போடும் உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 500 ரூபாயிலிருந்து 1000 ஆனதும் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும் முன் டி.பி. மையத்தில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ச் சங்கத்துக்கு யார் எப்போது ஊருக்குப் போகிறார்கள் என்பது அரசாங்கத்தைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொரு விஷயம், டாக்டரிடம் மறைப்பது. டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்துவிட்டு ரத்தம் கொடுப்பார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாததைச் சொல்ல மாட்டார்கள், "டாக்டர் திட்டுவாரு" என்ற பயம். எச்.பி.ஏ.1.சி. டெஸ்ட் ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும், இரண்டு நாள் பத்தியம் அதில் எடுபடாது. சுகர் இறங்கவில்லையே என்று டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டுவார். கூட்டிய அளவை ஒருநாள் நோயாளி ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டால், அன்றைக்குச் சுகர் தேவைக்குக் கீழே போய்விடலாம். காசு இல்லாமல் மாத்திரை வாங்கவில்லையா, சாப்பிட்டால் வயிற்றைப் பிரட்டுகிறதா, நைட் ஷிப்ட்டில் வேளை தவறுகிறதா, எதுவானாலும் சொன்னால் அதற்கு ஏற்ற வழியை டாக்டர் பார்ப்பார். விலை குறைந்த மருந்தும், வேளை மாற்றமும் பல நேரங்களில் சாத்தியம்தான். தானாக முடிவெடுத்து மருந்தை நிறுத்துவதும், வாட்ஸ்அப்பில் வந்த கஷாயத்துக்கு மாறுவதும் நான் சொல்லும் பங்கேற்பு ஆகாது. மூட்டு வலிக்கு வலி மாத்திரையை மாதக்கணக்கில் கடையில் வாங்கி விழுங்குவதும் அப்படித்தான். சுகரும் பிரஷரும் உள்ளவர்களுக்கு அது கிட்னியைப் பாதிக்கும். சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கும் கடைக்காரர்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள், அதையும் உங்கள் கூட்டங்களில் வெளிப்படையாகப் பேசுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது மொழிபெயர்க்கும் பிள்ளைகள். பாட்டிக்கு, அம்மாவுக்கு இந்தி வராது என்று பத்து வயதுப் பேரனையோ மகளையோ ஓ.பி.டி.க்குக் கூட்டிப் போகிறார்கள். அந்த அம்மா தன் வெள்ளைப்படுதலையோ, மாதவிலக்கு நின்ற பிறகு வரும் ரத்தத்தையோ பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வார்? சொல்லாமலே "வயித்து வலி" என்று மட்டும் சொல்லித் திரும்பி வருகிறார். மாதவிலக்கு நின்ற பின் ரத்தம் வந்தால் உடனே பரிசோதிக்க வேண்டும், அது கருப்பைப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அந்த ஒரு வரி டாக்டர் காதுக்குப் போய்ச் சேருவதில்லை. பிள்ளைக்கும் இது சுமை. டாக்டர் சொன்ன கெட்ட செய்தியை அந்தப் பிஞ்சு வாய்தான் வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்களிடம் மகளிர் குழுக்கள் இருக்கின்றன. பசத் கட் என்ற சேமிப்புக் குழு நடத்தும் பெண்கள், ஓய்வு பெற்ற ஆசிரியைகள், மும்பையிலேயே பிறந்து மூன்று மொழியும் சரளமாகப் பேசும் இளம் பெண்கள். இவர்களில் விருப்பமுள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கூடப் போகும் துணையாக்குங்கள். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது, நோயாளிக்குப் பதிலாகத் தான் முடிவு சொல்லாமல் இருப்பது, அங்கே கேட்டதை வெளியே பேசாமல் இருப்பது, இந்த மூன்றும் பயிற்சியில் முக்கியம். நம் தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் மூன்றாவதில் கண்டிப்பு வேண்டும். வீடு வீடாக வரும் மாநகராட்சியின் சுகாதாரத் தொண்டர் பெண்களையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

துணை எப்போதும் கிடைக்காது. எனவே முகாமிலேயே ஒரு மேசை போட்டு, கேட்க வேண்டியதைச் சொல்லிப் பழக வையுங்கள். எனக்கு என்ன நோய், இந்த மருந்து எதற்கு, எத்தனை நாள், என்ன ஆனால் உடனே ஓடி வர வேண்டும், இந்த டெஸ்ட் செய்யாவிட்டால் என்ன. இவ்வளவுதான். எளிய இந்தி வாக்கியங்களாகத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கலாம். எழுந்து வருமுன், "நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று திருப்பிச் சொல்லிக் காட்டும் பழக்கம் வந்துவிட்டால் எங்கள் கவுண்டரில் நடக்கும் பாதிக் குழப்பம் இருக்காது. முதல் தடவை வாய் வராது. அதனால்தான் நம் ஆட்களுக்கு முன்னால் ஒத்திகை வேண்டும் என்கிறேன்.

கையெழுத்து விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். 2008-இல் ஒரு டெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, விழித்ததும் தானே முடிவு சொல்லக்கூடிய பெண்ணுக்காகத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது, பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குப் பொருந்தாது என்றது நீதிமன்றம். நம் வீடுகளில் இன்றைக்கும் பெண்ணின் ஆபரேஷனுக்குக் கணவரும் மாமியாரும் பேசி முடிக்கிறார்கள். படுக்கையில் இருப்பவளிடம் யாராவது விளக்கினார்களா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

மற்ற உரிமைகளை ஒரு சுவரொட்டியாகவே போட்டுவிடலாம். ஆஸ்பத்திரி ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து 2018-இல் வெளியான நோயாளி உரிமைச் சாசனம், வேறு டாக்டரின் கருத்தைக் கேட்கும் உரிமையையும், மருந்தையும் டெஸ்டையும் விரும்பிய இடத்தில் வாங்கிக்கொள்ளும் உரிமையையும் சொல்கிறது. மகாராஷ்டிர அரசும் 2021-இல் திருத்திய நர்சிங் ஹோம் விதிகளில் நோயாளி உரிமைகளைச் சேர்த்திருக்கிறது.

அடுத்த முகாமில் மேசை போட இடம் கொடுத்தால் நான் வருகிறேன். மாத்திரைப் பைகளைப் பிரித்துப் பார்த்து, எது எதற்கு என்று எழுதிக் கொடுக்கும் வேலையை நானும் என்னைப் போன்ற சில கடைக்காரர்களும் செய்யத் தயார். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை மூடியிருக்கும். துணைப் பயிற்சிக்கு ஒரு டாக்டரையும் ஒரு நர்ஸையும் அழைத்துப் பேசுவது உங்களால்தான் முடியும். பொங்கல் விழாவுக்கான செயற்குழுக் கூட்டங்கள் தொடங்கும் முன் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, என்ன முடிவு என்று தெரிவியுங்கள்.

அன்புடன்,
தாராவி மருந்துக் கடைக்காரர் ஒருவர்