கொறங்காட்டில் முயல் மசால்

அன்புள்ள துரைசாமிக்கு,

பேத்தி பிறந்த சேதி கேட்டு மனசு நிறைந்தது. தாயும் பிள்ளையும் நலம்தானே?

உன் கொறங்காட்டில், அந்த வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல்லோடு முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியையும் கலந்து தூவலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். விதை எடுக்கும்போது இரண்டையும் பிரிக்க முடியாமல் திண்டாடுவாய். 3 வரிசை புல்லுக்கு 1 வரிசை மசால், இடைவெளி 50 செ.மீ. ஏக்கருக்குப் புல் விதை 2 கிலோ, மசால் முக்கால் கிலோ போதும். புல் விதை பஞ்சாகப் பறக்கும். ஈர மணலில் பிசைந்து போடு. ஒரு செ.மீ. ஆழத்துக்குமேல் போனால் சரியாக முளைத்து வராது.

மசால் விதைத் தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் போட்டு வடித்து, இரவெல்லாம் பச்சைத் தண்ணீரில் ஊறவை. காலையில் ஆறிய கஞ்சியில் ரைசோபியம் என்ற வேர்முடிச்சு நுண்ணுயிர் உரம் ஒரு பாக்கெட் கலந்து பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிடு.

அடியுரம் ஏக்கருக்கு 2 டன் தொழு உரம், 2 மூட்டை சூப்பர் பாஸ்பேட். யூரியாவை அள்ளி வீசாதே. புல் எகிறி மசாலை நிழலில் அமுக்கிவிடும். காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கும் மசாலின் வேர் முடிச்சும் சோம்பிவிடும். முதல் வருஷம் புல் வெளிறித் தெரிந்தால் பதறாதே. முடிச்சில் சேரும் தழைச்சத்து நேராகப் பக்கத்துப் புல்லுக்குப் போகாது. இலை உதிர்ந்து, வேர் மக்கி, மேய்ந்த ஆட்டின் புழுக்கையாக விழுந்த பிறகுதான் பெரும்பாலும் போகும். இரண்டாம் வருஷ மழையில் புல் அடியில் கிளைத்துத் தூர் பெருகும்போது அது தெரியும். தூர் கூடினால்தான் கதிர் கூடும்.

கிளுவை வேலியில் சந்து இருந்தால் விதைக்கும் முன்பே அடைத்துவிடு. மசால் நாற்று மெதுவாகத்தான் எழும். முதல் மழைக்காலத்தில் செம்மறி வாய் வைத்தால் அவ்வளவுதான்.

புல் விதையை முதலில் எடு. கதிர் வைக்கோல் நிறமானதும் கையால் உருவு. ஒரே சமயத்தில் முற்றாது; மூன்று நான்கு நாளுக்கு ஒரு நடை போகணும். பிறகு புல்லை 10 செ.மீ. விட்டு அறுத்தால் மசாலுக்கு வெயில் கிடைத்துக் காய் பிடிக்கும். அதன் விதையோ முற்ற முற்றக் கீழே கொட்டும். வரிசையடியைச் செதுக்கிச் சுத்தமாக வைத்திரு. செடியை அறுத்தபின் கூட்டி அள்ளிப் புடைத்துக்கொள்ளலாம்.

புதுப் புல் விதையை உடனே விதைக்காதே, அதற்கு 6 முதல் 8 மாதம் உறக்கம் உண்டு; அதுவரை சரியாக முளைக்காது. போன வருஷ விதையில் நூறை ஈரத்துணியில் கட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பழனிச்சாமி